அம்புக்காரர் வரட்டும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, காணும் பொங்கலன்று காலையில் நடந்தது இது. கொல்லிமலை சோளக்காட்டில், ஒரு கையில் துணிப்பையும் இன்னொரு கையில் ஒரு சீப்பு மலை வாழைப்பழமுமாக, ஊருக்குப் போகும் பஸ்ஸை எதிர்பார்த்து நின்றுகொண்டிருந்தேன்.

நான் கால்நடை மருத்துவர். சொந்த ஊர் ராசிபுரம் பக்கம். மலைக்கு மாற்றலாகி வந்து அப்போது சில வருடங்கள் ஆகியிருந்தன. எல்லோரும் பொங்கலுக்கு ஊருக்குப் போவார்கள். நான் பொங்கல் முடிந்துதான் போவேன். மாட்டுப் பொங்கலன்று மாடுகளுக்கு ஆசை ஆசையாகப் பொங்கல் சோற்றை அள்ளி அள்ளிக் கொடுத்துவிட்டு, சாயங்காலமே "வயிறு உப்பிக்கிச்சுங்க" என்று ஓடி வருவார்கள். மாட்டுக்கு நன்றி சொல்கிறேன் பேர்வழி என்று மாட்டையே படுக்கப் போடுகிற பண்டிகை என்று நான் கேலி செய்வதுண்டு. அந்த வருடமும் இரண்டு நாளும் வயிறு உப்பிய மாடுகளோடு மல்லுக்கட்டிவிட்டு, ஒருவழியாகக் கிளம்பியிருந்தேன்.

பஸ் வந்து நின்றது. ஏறப் போகிற நேரத்தில் டூவீலரில் ஒருவர் வந்து குறுக்கே நிறுத்தினார். வாழவந்தி நாட்டுப் பக்கம் அடிக்கடி பார்க்கிற முகம்தான். எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு.

"டாக்டரம்மா, பஸ் ஏறீராதீங்க. மாட்டு மேல அம்பு பட்டுருச்சுங்க. ஏழு மாசச் சினைங்க."

வாழைப்பழத்தைப் பழக்காரம்மாவிடமே கொடுத்துவிட்டு, மருந்தகத்தைத் திறந்து பெட்டியை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினேன்.

வெளியூர்க்காரர்களுக்கு இந்த இடத்தில் ஆச்சரியமாக இருக்கும். அம்பா, இந்தக் காலத்திலா என்பார்கள். எங்கள் மலையில் வில் என்பது அருங்காட்சியகத்துப் பொருள் இல்லை. ஆடி விழாவில் வில் போட்டி உண்டு. ஜெயித்தவரைத் தோளில் தூக்குவார்கள். பொங்கல் முடிந்த கையோடு ஆண்கள் சேர்ந்து வேட்டைக்குப் போவதும் பழைய வழக்கம். சட்டப்படி அது கூடாது. கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் கொஞ்சம் ஒளிவு மறைவாக நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் காட்டுப்பன்றிகள் மரவள்ளிக் கிழங்கைத் தோண்டிப் போட்டுவிட்டுப் போகும்போது, இன்னொரு பக்கம் "சும்மா பார்த்துக்கொண்டிரு" என்று ஒரு விவசாயியிடம் சொல்வது அவ்வளவு சுலபமில்லை.

எனக்கு இதில் ஒரு கருத்து இருந்தது. எனக்கு எதில்தான் கருத்து இல்லை என்று என் வீட்டுக்காரர் கேட்பார். ஒரேயடியாகத் தடை என்று சொல்வதைவிட, கைதேர்ந்த வில்லாளிகள் மட்டும், பன்றியை மட்டும், நல்ல வெளிச்சத்தில் மட்டும் என்று கறாரான கட்டுப்பாடு வைத்து அனுமதித்தால் என்ன என்பதுதான் அந்தக் கருத்து. இதை டீக்கடையில்கூடச் சத்தமாகப் பேசியிருக்கிறேன். கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்த வீட்டு முற்றத்தில் ஊரே கூடியிருந்தது. பலா மரத்தில் மாட்டைக் கட்டியிருந்தார்கள். முந்தின நாள்தான் கொம்புக்கு நீல வர்ணம் அடித்திருக்கிறார்கள், ஜிகினாகூடக் கழற்றவில்லை. இடது முன்னங்காலுக்குப் பின்னால், விலா எலும்புகளுக்கு நடுவே, ஒரு அம்பு தைத்து நின்றது. மாடு மூச்சு விடும்போதெல்லாம் அம்பின் வால் மேலே போய்க் கீழே வந்தது. மாடு கத்தவில்லை. கத்தாமல் நிற்கிற மாட்டைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

மாட்டுக்காரம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். கணவர் திருப்பூரில் வேலை செய்கிறார், பொங்கலுக்கு லீவு கிடைக்கவில்லை. வீட்டுச் சாமான் வாங்குவதிலிருந்து பிள்ளைகள் படிப்பு வரைக்கும் இந்த ஒரு மாட்டுப் பாலில்தான் ஓடுகிறது. அவர் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "மணியக் கட்டாம உட்டுட்டனே சாமி, மணியக் கட்டாம உட்டுட்டனே" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். மாட்டுப் பொங்கலன்று பழைய கயிற்றை அவிழ்த்துப் புதுக் கயிறு மாற்றுவது வழக்கம். பழைய கயிற்றோடு கழுத்து மணியும் போய்விட்டது. நாளைக்குக் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார். புதுக் கயிறு வழுக்கி முடிச்சு அவிழ்ந்து, மாடு விடியற்காலையில் மரவள்ளிக் காட்டுக்குள் நுழைந்திருக்கிறது. ஆளுயரத்துக்கு நின்ற செடிகளும் பனிமூட்டமும் அதை மறைத்துவிட்டன. இங்கே மேய்கிற மாடு என்றால் மணிச் சத்தம் கேட்கும். மணி கேட்காமல் செடி ஆடினால் அது பன்றி. வேட்டைக்குப் போன யாரோ ஒருவர் அந்தக் கணக்கில் அம்பை விட்டுவிட்டார்.

கிட்டப் போய்ப் பார்த்தேன். யாரும் அம்பைப் பிடித்து இழுக்கவில்லை என்பதே முதல் நல்ல சேதி. அந்த அம்பு முனைக்குப் பின்பக்கமாகக் கொக்கி போல முள் உண்டு. இழுத்திருந்தால் சதையெல்லாம் கிழிந்திருக்கும். உள்ளே நெஞ்சறை வரைக்கும் ஓட்டை விழுந்து காற்று ஏறியிருந்தால் அத்தோடு கதை முடிந்திருக்கும். "நல்ல வேலை செஞ்சீங்க, தொடாம இருந்தீங்களே" என்று பாராட்டிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன்.

பாராட்டியது எவ்வளவு அவசரம் என்று அடுத்த நிமிடமே தெரிந்தது. என்னையும் தொட விடவில்லை!

"வேண்டாங்க டாக்டரம்மா. அம்புக்காரரு வரட்டுங்க" என்றார் கூட்டத்தில் ஒருவர். மற்றவர்களும் அதையே சொன்னார்கள்.

அது வேட்டையில் இருக்கும் ஒரு வழக்கம். யாருடைய அம்பு முதலில் தைத்ததோ அவருக்குத்தான் தலைப் பங்கு. அதில் சண்டை வரக்கூடாது என்பதற்காக, தைத்து நிற்கிற அம்பை வேறு யாரும் தொடமாட்டார்கள்; விட்டவரே வந்துதான் உருவ வேண்டும். யாருடையது என்று தெரிவதற்காக அம்பின் வாலில் வீட்டுக்கு ஒரு நிறத்தில் நூல் சுற்றியிருப்பார்கள். பன்றிக்கும் முயலுக்கும் வைத்த வழக்கத்தை இப்போது சினை மாட்டுக்கும் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"இது வேட்டையா? இது வைத்தியம்" என்று கத்தினேன். மாட்டுக்காரம்மாவே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவிங்க கை படாம எடுத்தா மாடு தங்காதுங்க. ரெண்டு ஊட்டுக்கும் ஆகாதுங்க" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வழக்கம் கிடக்கட்டும், எனக்கே ஒரு ஆள் தேவைப்பட்டது. நான் முள்ளைச் சுற்றிச் சதையைக் கீறி எடுக்கும்வரை அம்பை இம்மியும் அசையாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். சினை மாடு என்பதால் நினைத்தபடி மயக்கமும் கொடுக்க முடியாது. அந்த இடத்தை மட்டும் மரத்துப் போகச் செய்து, நின்ற நிலையிலேயே வேலையை முடிக்க வேண்டும். அங்கே நின்ற யாரும் அந்த அம்பில் கை வைக்கத் தயாராக இல்லை.

"சரி, யார் அம்பு இது?" என்று கேட்டேன்.

ஒருவர் வானத்தைப் பார்த்தார். ஒருவர் கோழியைப் பார்த்தார். வாலில் சிவப்பு நூல் பளிச்சென்று தெரிகிறது; அது எந்த வீட்டு நூல் என்று அங்கே இருந்த கைக்குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும். வாயைத் திறந்தால் கேஸ் ஆகிவிடுமே என்று எல்லோருக்கும் பயம். ஆனால் கண்களைக் கட்டுப்படுத்த முடியாதே. பெண்கள் இரண்டு மூன்று பேர் வீட்டுக்கு மேலே இருந்த சரிவைப் பார்த்துவிட்டுச் சட்டென்று திரும்பினார்கள். அங்கே மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள் அடர்ந்து நின்றன.

எனக்குப் புரிந்துவிட்டது. முற்றத்து ஓரத்துக்குப் போய், அந்த மரங்களைப் பார்த்துச் சத்தமாகப் பேசினேன்.

"அம்புக்காரரே! நான் மாட்டு டாக்டர். கேஸ் போடறவ இல்ல. யாரையும் தேடிப் போகவும் மாட்டேன். யாராச்சும் கேட்டா பொய் சொல்லவும் மாட்டேன். இந்த மாடு இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே நின்னா உள்ள இருக்கற கன்னும் சேர்ந்து போயிரும். வாறதுன்னா இப்பவே வாங்க. வரலைன்னா நான் பஸ்ஸுக்குப் போறேன்."

பஸ்ஸுக்குப் போகிற எண்ணமெல்லாம் எனக்கு இல்லை. ஆனால் குரல் நன்றாகத்தான் இருந்தது. சரிவில் இலைச் சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. கூட்டம் தானாக வழிவிட்டது.

இறங்கி வந்தவரைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துவிட்டது. ஆடி விழாவில் வருடா வருடம் பரிசு வாங்குகிறவர். அந்த நாட்டில் வில்லுக்கு அவரை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். அதற்கும் மேலாக, அவர் மாட்டுக்காரம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். இந்த மாட்டின் தாயைத் தங்கைக்குக் கல்யாணச் சீராக ஓட்டி வந்ததே அவர்தான்.

தங்கையைப் பார்க்க முடியாமல் நின்றார். "அம்மிணி... பன்னின்னுதான்..." என்று ஆரம்பித்தார்.

"மொதல்ல மாட்டப் பாருண்ணா" என்றார் தங்கை.

அண்ணனை அருகே கூப்பிட்டேன். கையைக் கழுவச் சொல்லி, அம்பை எங்கே எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன். மாட்டைப் பலா மரத்தோடு அணைத்து நான்கு பேர் பிடித்துக்கொண்டார்கள். மரத்துப் போகும் ஊசியைச் சுற்றிலும் போட்டுவிட்டு வேலையைத் தொடங்கினேன். அவருடைய கை முதலில் அசையவில்லை. வில்லைப் பிடித்துப் பழகிய கை அல்லவா, பாறை மாதிரி நின்றது.

கொஞ்சம் கொஞ்சமாகக் கீறி ஒரு பக்க முள்ளை விடுவித்தேன். இன்னொரு முள் விலா எலும்பின் ஓரத்தில் மாட்டியிருந்தது. அப்போதுதான் அவர் விரல்கள் ஆடுவதைப் பார்த்தேன்.

"ஆட்டாதீங்க" என்று அதட்டினேன்.

"நான் ஆட்டலீங்க. மாடு மூச்சு உடுதுங்க. கையில தெரியுதுங்க" என்றார். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நான் அடிச்சதெல்லாம் செத்துக் கெடக்கறப்பத்தானுங்க பாத்திருக்கேன். இப்புடி உசுரோட பாத்ததில்லீங்க" என்றார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கக் கை இல்லை. இரண்டு கையும் அம்பில் இருந்தன.

"இப்பப் பாருங்க. பாத்துக்கிட்டே பிடிங்க" என்றேன். எனக்கு அந்த நேரத்தில் இரக்கம் காட்ட நேரமில்லை.

இரண்டாவது முள்ளும் விடுபட்டது. "இப்ப எடுங்க, மெதுவா, வந்த வழியே" என்றேன். அவர் உருவினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைக் காயத்தருகே வைத்தேன். நெஞ்சறையில் ஓட்டை விழுந்திருந்தால் காற்றை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்கும். அது கேட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த முற்றத்தில் வைத்து அது எவ்வளவு தூரம் பலிக்கும் என்பதும் எனக்குத் தெரியும். காற்றுச் சத்தம் கேட்கவில்லை. ரத்தம் மட்டும் வந்தது. ரத்தத்தை நான் பார்த்துக்கொள்வேன்!

தைத்து முடித்துக் கட்டுப் போட்டுவிட்டு, மறுபக்கம் போய் வலது வயிற்றில் கையை அழுத்தி வைத்தேன். உள்ளேயிருந்து ஒரு உதை கிடைத்தது. "கன்னு இருக்குது" என்று சொன்னதும் மாட்டுக்காரம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் பேச்சு வந்தது. அண்ணன் என்னிடம், "கேஸு ஆகுமுங்களா?" என்று கேட்டார். "அது எனக்குத் தெரியாது. கேட்டா உள்ளதைச் சொல்லுவேன்னு முன்னாலயே சொல்லிட்டேன்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். பக்கத்திலிருந்த ஒருவர் அவருக்குப் பரிந்துகொண்டு, "அவரு என்னங்க பண்ணுவாரு? கெழங்கு பூராத்தையும் பன்னி தோண்டிப் போட்டா நாங்க மண்ணத் திங்கறதுங்களா?" என்றார். நியாயமான கேள்விதான். நான் பதில் யோசிப்பதற்குள் தங்கை பேசினார். கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் பேசினார்.

"எம் மாட்டுக்காச்சும் டாக்டரு வந்தாங்க. அம்போட காட்டுக்குள்ள ஓடற பன்னிக்கு ஆருண்ணா வருவா?"

வேட்டைக்குப் போகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. அடிபட்டதெல்லாம் கையில் கிடைப்பதில்லை. அம்போடு புதருக்குள் ஓடி, நாள் கணக்கில் கிடந்து சாகிறவை உண்டு. நானே படித்ததுதான், பாடத்தில் வந்ததுதான். ஆனால் டீக்கடையில் நான் பேசிய கட்டுப்பாட்டில் அதற்கு ஒரு வரிகூட இடம் வைத்திருக்கவில்லை.

காயம் ஆறும்வரை கட்டு மாற்றப் போனேன். அண்ணன் ஒவ்வொரு முறையும் எனக்கு முன்பே வந்து மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பங்குனியில் கிடேரிக் கன்று போட்டது. நல்ல சுறுசுறுப்பான கன்று. தாயின் விலாவில் தழும்பு மட்டும் நின்றுவிட்டது.

அடுத்த வேட்டைக்கு நாள் குறிக்க ஊர் கூடியபோது என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். விஷயம் காதுக்கு எட்டி வனத்துறை ஊழியர் ஒருவரும் வந்திருந்தார். பேச்சு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. ஒரு கட்சி, சட்டம் கூடாது என்கிறது, மாட்டுக்கு வந்தது நாளைக்கு மனுஷனுக்கு வரும், அடியோடு விட்டுவிடலாம் என்றது. இன்னொரு கட்சி, விட்டுவிட்டால் பன்றி ஊருக்குள்ளேயே குடிவந்துவிடும், கண்டவனும் வில்லைத் தூக்காமல் கைதேர்ந்தவர்கள் மட்டும் போகட்டும், அதற்குச் சர்க்காரிடமும் அனுமதி கேட்கலாம் என்றது. என்னுடைய பழைய கருத்தை என் எதிரிலேயே ஒருவர் அச்சு அசலாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் எழுந்து பேசலாம் என்று தொண்டையைச் செருமினேன்.

எனக்கு முன்பு அண்ணன் எழுந்தார்.

"கைதேர்ந்தவன் மட்டும் போலாம்னா மொதப் பேரு ஆரு பேரச் சொல்லுவீங்க?" என்று கேட்டார்.

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை.

"எம் பேரத்தான் சொல்லுவீங்க. எந் தங்கச்சி மாட்ட அடிச்சது நாந்தானுங்க" என்றார். ஊருக்கே தெரிந்த விஷயம்தான். ஆனால் அதுவரை ஒருவர் வாயிலிருந்தும் வந்ததில்லை. அதுவும் வனத்துறை ஊழியரை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அட, ஆனைக்கும் அடி சறுக்கும்ப்பா" என்று ஒருவர் சமாதானம் சொல்லப் பார்த்தார்.

"சறுக்கறது ஆனைதானுங்க. அடியில மாட்டிச் சாகறது வேற ஒண்ணுங்க" என்றார் அவர். "ஆடிக்குக் கட்டையக் குறி வெச்சு அடிக்கறேன். அதோட போதும். இனி உசுரு மேல எங்கையால அம்பு உடமாட்டேன்."

நான் எழுந்து பேசவில்லை. பேச என்ன இருக்கிறது? அன்று வேட்டைக்கு நாள் குறிக்காமலேயே கூட்டம் கலைந்தது. பிறகு வனத்துறையிலிருந்து அவரை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். எதையும் மறைக்காமல் சொல்லிவிட்டு வந்தார். என்னையும் கேட்டார்கள், உள்ளதைச் சொன்னேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று கதை விட மாட்டேன். பன்றிகள் இன்னும் வருகின்றன. முறை வைத்துக் காவல் இருக்கிறார்கள், தகரம் தட்டுகிறார்கள், அப்படியும் கிழங்கு போகத்தான் செய்கிறது. நஷ்டத்துக்கு ஈடு கேட்டு அலைகிறார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் போய்க் கேட்கிறேன். தடை போட்டுவிட்டு விவசாயியை அம்போவென்று விட்டுவிடுவது நியாயமில்லை என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. வில்லை எடுப்பதில் ஒளிவு மறைவாக ஆசை உள்ளவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

ஆனால் "கொஞ்சம் கட்டுப்பாடு வைத்து அனுமதித்தால் போதாதா டாக்டர்?" என்று யாராவது கேட்டால், முன்பு போல நான் தலையாட்டுவதில்லை. அந்த மலையிலேயே குறி தப்பாத மனிதர், ஒரு உயிரின் மூச்சு அம்பு வழியாகத் தன் கைக்கு ஏறி வந்தபோது அழுததைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான் என்று மட்டும் சொல்கிறேன்.